அண்ணன் இறந்த நாடு

அந்தப் படிவத்தை நிரப்பியபோது புதுச்சேரி உப்பளத்து நெட் சென்டரில் மூன்று பேர் இருந்தோம்: நான், அண்ணி, கடையை நடத்துகிறவர். அப்பா இல்லை, சென்னையில் கப்பல் வேலை ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா இல்லை, வீட்டில் பாயோடு கிடந்தாள். அண்ணன் இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில், ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தான். அவனைக் கொண்டுவருவதற்கான படிவம்தான் அது.

அண்ணன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றவன். பத்தாவதோடு நின்றுவிட்டான். அவன் நின்றதால்தான் நான் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எம்.ஏ.வுக்கு நான் அரசியல் எடுத்தபோது அப்பா, "அரசியலா? அதுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று கேட்டார். அண்ணன்தான், "அது வேற அரசியல்ப்பா. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல நடக்குறது. படிக்கட்டும் வுடுங்க" என்று சொல்லி ஃபீஸ் கட்டினான்.

நான் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு சிறிய நாடுகள். எது சிறிய நாடு என்பதற்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட விளக்கம் கிடையாது. சிலர் ஜனத்தொகையைப் பார்க்கச் சொல்வார்கள். சிலர் பரப்பளவை, சிலர் வருமானத்தை. தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய முடியாமல் பெரிய நாட்டின் முகத்தைப் பார்த்து நிற்பதெல்லாம் சிறிய நாடு என்று ஒரு கட்சி. தன்னைச் சிறியது என்று எது நினைத்துக்கொள்கிறதோ அதுவே சிறியது என்று இன்னொரு கட்சி. இதையெல்லாம் நோட்டில் எழுதி எழுதி எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. அண்ணன் வேலை பார்த்த கப்பலின் கொடி அப்படி ஒரு குட்டித் தீவு நாட்டினுடையது. கப்பலின் முதலாளிக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தமில்லை. கட்டணம் கட்டினால் கொடி கொடுப்பார்கள். "இவ்வகை நாடுகள் தங்கள் கொடியை வாடகைக்கு விடுவதைத் தவிர உலக விவகாரங்களில் குறிப்பிடத்தக்க பங்கு எதையும் ஆற்றுவதில்லை" என்று இரண்டாவது இயலில் எழுதியிருந்தேன். என் ஆய்வை மேற்பார்வையிட்ட பேராசிரியை அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘யாருக்கு?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த இயலைத் திருத்தாமல் வைத்திருந்தேன்.

அண்ணன் ஒருமுறை கப்பலின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினான். கப்பல் எந்தத் துறைமுகத்தில் பதிவானது என்று அங்கே பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதோடு அவன் குரலும் வந்தது: "பார்றா தம்பி, இதான் எங்க கப்பலுக்குச் சொந்த ஊரு. கப்பலும் அந்த ஊரப் பாத்ததில்ல, கேப்டனும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. உன் புக்குல இருக்குதா அது? நெசமாவே இருக்குதா, இல்ல சும்மா எழுதிவச்சிருக்கானுங்களா?" பின்னால் இன்ஜின் சத்தம். யாரோ இந்தியில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் சிரித்தான்.

இன்ஜின் அறைச் சூட்டில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கப்பல் கரை சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவனை எங்கே வைத்திருந்தார்கள் என்று அப்பா ஏஜென்டிடம் கேட்டார். கப்பலில் மீனும் கறியும் வைக்கிற குளிர் அறையில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அண்ணிக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. என் புத்தகங்களில் இருந்ததுதான், ஆனால் விளங்காமல் இருந்தது. நடுக்கடலில் கப்பலில் ஒருவர் இறந்தால், எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டில் இறந்ததாகக் கணக்கு. அண்ணன் இந்தியாவில் இறக்கவில்லை, ஆப்பிரிக்காவில் இறக்கவில்லை. தான் ஒரு நாளும் பார்க்காத, இருக்கிறதா என்று என்னிடம் கேட்ட அந்தத் தீவு நாட்டில் இறந்திருந்தான். அந்த நாடு இறப்பைப் பதிந்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது வந்தால்தான் நம் தூதரகம் காகிதம் கொடுக்கும், துறைமுகக்காரர்கள் உடலை விடுவார்கள், விமானத்தில் ஏற்றுவார்கள். அண்ணிக்கு இதை நெட் சென்டருக்கு நடந்துபோகும் வழியில் சொன்னேன்.

"நீங்க சின்ன நாடுங்களப் பத்திதான படிக்கிறீங்க தம்பி? எத்தினி நாள் ஆக்குவாங்க?"

"ரெண்டு மூணு நாள்னு கம்பெனில சொல்றாங்க அண்ணி."

"மொகம் நல்லா இருக்குமா?"

"மருந்து போட்டு வச்சிருக்காங்களாம். ரெண்டு வாரம் வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம்."

"ஒரு வாட்டி மொகத்தப் பாத்துட்டேன்னா போதும்" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோரும் ஓடியது அந்த ஒன்றுக்காகத்தான்.

கடைக்காரர் படிவத்தைத் திரையில் திறந்துகொடுத்தார். ஒரு பக்கம் பிரெஞ்சு, ஒரு பக்கம் ஆங்கிலம். வெளியே சாலையில் ஒரு ஊர்வலம் மைக்கோடு போய்க்கொண்டிருந்தது; புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்ற கோஷம். கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் பொறந்ததுலேந்து கேக்குறாங்க சார். குடுத்தாத்தான் இன்னான்றேன்? பேங்க் ஃபாரத்துல ஸ்டேட்டுன்ற கட்டத்துல புதுச்சேரின்னு அடிச்சா, கம்ப்யூட்டரே தமிழ்நாடுன்னு மாத்திடுது" என்றார். நான் தட்டிக்கொண்டே போனேன். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கப்பலின் எண். உடலைப் பெற்றுக்கொள்பவர்: மனைவி. அதன் கீழே, உடல் சென்று சேர வேண்டிய ‘ஸ்டேட்’ எது என்று ஒரு கட்டம். புதுச்சேரி என்று எழுதினேன்.

இதை எப்படிச் சொன்னாலும் வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. எங்கள் ஊர் மாநிலம் கிடையாது. ஆனால் ‘ஸ்டேட்’ என்று ஒரு கட்டம் இல்லாத படிவமும் கிடையாது. ஒன்றாம் வகுப்பு டி.சி.யிலிருந்து கேஸ் இணைப்பு வரைக்கும் அதில் புதுச்சேரி என்று எழுதித்தான் எங்களுக்குக் கை பழகியிருக்கிறது. தமிழ்நாடு என்று வந்துவிட்டால் அடித்துத் திருத்துவோம். அதில் ஒரு ரோஷம் உண்டு. என் பாடத்தில் அதே சொல்லுக்கு நாடு என்று பொருள். இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை அந்தப் பொருளில்தான் அந்தச் சொல்லைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிவம் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிற காகிதத்துக்கானது என்பதை அரைமணி நேரத்துக்கு முன்புதான் அண்ணிக்கு விளக்கியிருந்தேன். ஆனாலும் என் கை, பேங்க் படிவத்தை நிரப்புவது போல அதை நிரப்பியது. திரும்பப் படித்தும் பார்த்தேன். சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது.

இரண்டு நாள் போயிற்று, மூன்றாம் நாள் போயிற்று. பதில் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் ஏஜென்டைக் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்ட், "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு" என்பார். அப்பா அந்தச் சொல்லை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார்: "மூவ் ஆயிட்டிருக்குதாம்மா." எட்டாம் நாள் ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை. நான் அந்தத் தீவு நாட்டு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஏழு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஒரு நாள் நோணாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றபோது, கீழே படகில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒருவன் என் பக்கம் பார்த்து நின்றான். அண்ணன் அனுப்பிய பாதிப் படங்களில் அவன் அப்படித்தான் இருப்பான். பஸ் கிளம்பும்வரை நான் கையைத் தூக்கவும் முடியாமல் கண்ணை எடுக்கவும் முடியாமல் இருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணி அடுத்த பஸ்ஸில் போய்ப் பார்த்திருப்பாள். அவள் அப்போதே அவன் நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ரிங் போகாது. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற குரல் முடியும்வரை காதில் வைத்திருப்பாள்.

அம்மாதான் பாயில் படுத்தபடி சொன்னாள்: "மதாம் பிரான்சு பேசுமே. அதுகிட்டப் போயி சொல்லுடா."

மதாம் என்பது அம்மா சமையல் செய்கிற வீட்டு அம்மாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் மகள், ஐம்பதைத் தாண்டியவர், வாய் கொஞ்சம் கூர்மை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்கப்பா பிரான்சு, எங்கம்மா இந்தியா, எங்க வூட்டு நாய் மட்டுந்தான் புதுச்சேரி. இத எழுது உன் புக்குல" என்பார். அன்று நானும் அண்ணியும் போனபோது அதைச் சொல்லவில்லை. மின்விசிறியைப் போட்டார். அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தார். படிவத்தின் பிரதியை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த தீவு அலுவலகத்தின் எண்ணை அழுத்தினார்.

நான்காவது முறை ஒரு பெண் எடுத்தாள். மதாம் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. மதாம் பேசினார், அந்தப் பெண் பேசினாள். எனக்குப் புரிந்தது அண்ணனின் பெயரும் எங்கள் ஊரின் பெயரும்தான். மதாம் திடீரென்று சிரித்துவிட்டார். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். மதாமின் சிரிப்பு நின்றது. போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னா சொல்றாங்க மதாம்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பொண்ணு கேக்குது, புதுச்சேரிக்கு எப்ப சுதந்திரம் குடுத்தாங்கன்னு."

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. மதாம் படிவத்தில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்தார். பிறகு போனில் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போல நிறைய நேரம் பேசினார். லேந்து, லேந்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிரெஞ்சில் இந்தியாவுக்கு அதுதான் பெயர்.

பிற்பாடு மதாம் எனக்குத் தனியாகச் சொன்னதை வைத்துத்தான் அங்கே நடந்தது தெரியும். அந்தப் பெண் சோம்பேறி இல்லை. கப்பல் பதிவும் அவள்தான், கல்யாணப் பதிவும் அவள்தான், இறப்புப் பதிவும் அவள்தான். குடியுரிமை இந்தியா என்றும், போய்ச் சேரும் நாடு புதுச்சேரி என்றும் இருந்ததைப் பார்த்துத் திகைத்திருக்கிறாள். பட்டியலில் தேடியிருக்கிறாள். அப்படி ஒரு நாடு இல்லை. ஆனால் அவள் நாட்டின் பெயரே பல பட்டியல்களில் விட்டுப்போவதுண்டாம். பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு நாட்டை இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் கோப்பை வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறாள்: புதுச்சேரியை நாம் அங்கீகரித்திருக்கிறோமா? அந்த அமைச்சகத்தில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய அதிகாரி ஒருவர்தான். அவர் கடல்மட்டம் உயர்வது பற்றிய ஒரு மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். அவர் திரும்பும்வரை கோப்பு அவர் மேஜையில் இருந்தது. என் மின்னஞ்சல்களும் அந்தக் கோப்போடு சேர்த்து அங்கேயே வைக்கப்பட்டிருந்தன, முறைப்படி.

நான் பாடமாகப் படித்தது முழுவதும் அதில் இருந்தது. ஆள் போதாமை, ஒரே ஆள் பத்து வேலை பார்ப்பது, எந்த அழைப்பையும் தவறவிட முடியாமல் மாநாடு மாநாடாகப் போவது, அங்கீகாரம் என்ற சொல்லுக்கு மற்றவர்கள் கொடுப்பதைவிட அதிக மரியாதை கொடுப்பது. பெரிய நாடாக இருந்திருந்தால் எவனாவது ஒரு குமாஸ்தா அந்தக் கட்டத்தை அடித்து இந்தியா என்று எழுதி அரைநிமிடத்தில் தள்ளிவிட்டிருப்பான். சிறிய நாடு என்பதால் எங்கள் ஊரை மதித்துவிட்டார்கள். பதினொரு நாள் உலகத்தில் ஒரு மேஜை மேல் புதுச்சேரி என்று ஒரு நாடு இருந்தது. அதற்குக் கொடி இல்லை, தூதர் இல்லை. அதன் பெயரில் பதிவான ஒரே ஆள் பிணவறையில் கிடந்தான். அதை உண்டாக்கியவன் நான்.

மதாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அண்ணி கேட்டாள்: "யாரு தப்பு மதாம்?"

"அங்கத்தி ஆளுங்கதான்மா. ஏதோ மிஸ்டேக் பண்ணிட்டாங்க. இப்ப சரி பண்ணிடுவாங்க." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வழியெல்லாம் அண்ணி அந்த நாட்டைத் திட்டிக்கொண்டே வந்தாள். "சின்ன நாடாம், சின்ன நாடு. ஒரு பொணத்த அனுப்பத் துப்பு இல்ல." நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

இரண்டாம் நாள் சான்றிதழ் வந்தது. இறந்த இடம் என்ற கட்டத்தில் அந்தத் தீவு நாட்டின் பெயர் இருந்தது. இன்னும் நாலு நாளில் பெட்டி சென்னைக்கு வந்தது. மரப்பெட்டிக்குள் தகரப்பெட்டி, ஓரமெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. அப்பா அந்தப் பற்றை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கான்" என்றார். மேலே ஒட்டியிருந்த தாளில், திறக்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. போட்டிருந்த மருந்து தாங்கும் நாள் கடந்துவிட்டதால் என்று கீழே காரணமும் இருந்தது.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதும் அண்ணி, "தெறங்க" என்றாள். யாரும் அசையவில்லை. தெருவில் கூட்டம். ஆம்புலன்ஸ் டிரைவர் என்னைத் தனியாக அழைத்தார். "வேணாம் சார். நான் நெறைய பாத்திருக்கேன். அந்த அம்மா அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த மொகத்தத்தான் நெனைக்கும்" என்றார். அப்பா பெட்டியின் தலைப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையையும் மூடி மேல் வைத்துக்கொண்டார். அண்ணி அவர் கையை எடுக்கப் பார்த்தாள். "மாமா, ஒரு வாட்டி மாமா. தூரத்துலேந்து பாத்துக்குறேன்." அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கையை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். பெட்டியோடு எரிக்க முடியாது என்பதால் புதைத்தோம். எங்கள் வகையறாவில் கல்யாணம் ஆனவர்களைப் புதைக்கிற வழக்கம் கிடையாது.

புதைத்த பதினாறாம் நாள் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். தாலி கழற்ற வேண்டும். அண்ணி எழுந்து சுவரோடு நின்றுகொண்டாள்.

"மொகத்தப் பாக்காம எப்பிடி கழட்டுறது? அந்தப் பொட்டிக்குள்ள யாரு இருந்தாங்கன்னு நீங்க பாத்தீங்களா? நீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். என்னிடம் வந்தபோது, "படிச்சவருதான நீங்க, சொல்லுங்க தம்பி. அவருதானா?" என்றாள்.

பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கிறது அண்ணி என்றேன்.

"பேப்பர்ல" என்றாள் அவள்.

இன்றுவரை கழற்றவில்லை. தெருவில் பேசுகிறார்கள். கடைக்குப் போகும்போது பொட்டும் வைத்துக்கொண்டுதான் போகிறாள். இரண்டு பேருக்குச் சோறு போட்டு மூடிவைக்கிறாள். கேட்டால் பழக்கத்தில் போட்டுவிட்டேன் என்கிறாள். அவள் அறைக்குள்ளிருந்து அண்ணன் குரல் கேட்கும்போது, பழைய வாய்ஸ் மெசேஜ்தான் என்று தெரிந்தும் அம்மா அடுப்பங்கரையில் அப்படியே நின்றுவிடுகிறாள். கப்பலின் ஊர் உன் புக்கில் இருக்கிறதா என்று அவன் கேட்கிறான். பின்னால் இன்ஜின் ஓடுகிறது. இரண்டாவது இயலின் அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆய்வேடு ஐந்து மாதமாக அப்படியே கிடக்கிறது.

சென்ற வாரம் கம்பெனியிலிருந்து கணக்கு வந்தது. இழப்பீட்டுத் தொகை, அதில் பிடித்தங்கள், மீதி. அண்ணி தாள்களை என் முன்னால் வைத்து உட்கார்ந்தாள். "தமிழ்ல சொல்லுங்க தம்பி. ஒரு வரி வுடாம."

விடாமல் சொன்னேன். பிடித்தங்களில் இரண்டாவது வரியை விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. பிணவறையில் கூடுதலாக வைத்திருந்த நாள்கள் பதினொன்று, விண்ணப்பதாரரின் பிழையால் ஏற்பட்டது, எனவே கம்பெனி ஏற்காது என்று படித்தேன்.

"விண்ணப்பதாரருன்னா?"

"நான்தான் அண்ணி."

"மதாம் அவங்க தப்புன்னாங்களே."

"எனக்காக அப்பிடி சொன்னாங்க."

அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இன்னா எழுதுனீங்க?"

"ஸ்டேட்டுன்னு இருந்துச்சு. புதுச்சேரின்னு எழுதிட்டேன்."

"வேற இன்னா எழுதணும்?"

"இந்தியான்னு எழுதணும்."

"நானா இருந்தாலும் புதுச்சேரின்னுதான் எழுதியிருப்பேன்" என்றாள். நான் தலையை நிமிர்த்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா நான் படிக்கல தம்பி."

உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"அதுக்கு எவ்ளோ புடிச்சிருக்காங்க?"

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.